பாரமான மோட்டார் சைக்கிளை வீட்டிலேயே தூக்கிப் பிணைத்து நிறுத்துதல்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் வைத்துச் சில்லைக் கழற்ற முனைபவர்களில் பலர் முதலில் வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, அதன் பிறகே நட்டுகளைத் தளர்த்தத் தொடங்குகிறார்கள். தூக்கும்போது விழும் வண்டிகள் குறைவு. தூக்கி நிறுத்திய வண்டியில் இறுகிப்போன நட்டொன்றைப் பலம் கொண்டு இழுக்கும்போதே பெரும்பாலும் வண்டி விழுகிறது.

திருகோணமலை உப்புவெளியில் என் தங்கையின் மகன் கச்சான் காற்று வீசும் காலத்து ஒரு பின்னேரம் தன் வண்டியின் பின்சில்லை இப்படித்தான் கழற்றத் தொடங்கினான். சில்லின் நடு அச்சான அக்சிலைப் பிடித்திருக்கும் நட்டு கடற்காற்றில் துருவேறி அசையவில்லை. ஸ்பனரின் வாலில் ஒரு தண்ணீர்க் குழாய்த் துண்டைச் செருகி, சரிவாகக் கீழ்நோக்கி நின்ற அந்தக் குழாயைக் காலால் முன்னோக்கி மிதித்தான். நட்டு அசைவதற்கு முன் வண்டி அசைந்தது. வண்டியின் நடுவில் அடியிலிருக்கும் இருகால் தாங்கியான டபிள் ஸ்டாண்டின் கால்கள் ஏற்கனவே மணலில் ஒரு விரற்கடை புதைந்திருந்தன. வண்டி முன்னால் நகர, ஸ்டாண்ட் மடங்கி, அவன் இருந்த வலப்பக்கமாகவே வண்டி சாய்ந்தது. பிறேக் லீவர் முறிந்தது, பெற்றோல் தாங்கி நெளிந்தது, அவனுடைய கால் அரைச் சாண் இடைவெளியில் தப்பியது. "மாமா, நான் நட்டை மட்டும்தான் தொட்டேன்" என்றான். அவன் சொன்னது உண்மைதான். 30 கிலோ பலத்தோடு நட்டை இழுத்தால் அதே 30 கிலோ பலம் வண்டியையும் தள்ளும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஆகவே கீழே உள்ள படிகளை எழுதியிருக்கும் ஒழுங்கிலேயே செய்யுங்கள். ஒரு படியைத் தவிர்ப்பதைவிட இரண்டு படிகளை இடம் மாற்றுவதால் வரும் ஆபத்தே கூடுதலானது.

1. எது கழலப் போகிறது, பாரம் எங்கே போகும்

றோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 வண்டி, எண்ணெயும் பெற்றோலும் சேர்த்து 195 கிலோ. பஜாஜ் பல்சர் 150 கூட 140 கிலோவைத் தாண்டும். இந்த எடை நேராக நிற்கும்வரை கையில் தெரியாது, சாயும்போதுதான் தெரியும்.

195 கிலோ வண்டியின் எடைமையம் நிலத்திலிருந்து அரை மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், நீங்கள் பிடிக்கும் இடம் 90 சென்ரிமீற்றர் உயரத்தில் இருப்பதாகவும் வைத்துக்கொண்டால், 10 பாகை சாய்வில் அதைத் தாங்க ஏறத்தாழ 19 கிலோ பலம் போதும். 30 பாகையில் அது 54 கிலோவாகிவிடும். வண்டி கொஞ்சம் சாயும்போது தாங்க முடிந்தவர், அது இன்னும் கொஞ்சம் சாய்ந்ததும் கைவிடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்ததாக, எந்தப் பாகம் கழலப் போகிறது என்பதை முடிவு செய்யுங்கள். பின்சில்லைக் கழற்றினால் பாரம் முன்னால் போகும். முன்சில்லையோ, அதைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான போர்க்கையோ கழற்றினால் பின்னால் போகும். வேலைக்கு முன் சரியாக நின்ற வண்டி, பாகத்தைக் கழற்றியவுடன் மறுபக்கம் குத்துவது இதனால்தான். பாரம் போகப்போகும் பக்கத்தில் முன்கூட்டியே முட்டுக் கொடுக்க வேண்டும்.

2. முதலில் சேர்க்க வேண்டியவை

18 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒட்டுப்பலகை ஒன்று, டபிள் ஸ்டாண்டின் இரண்டு கால்களும் ஜக்கும் ஒருங்கே நிற்கும் அளவில் வேண்டும். பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தில் தட்டையாக அறுத்த கட்டைகள் ஆறு அல்லது எட்டு, சில்லுக்கு அணைக்க இரண்டு ஆப்புக் கட்டைகள், பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும், 25 மில்லிமீற்றர் அகலமுள்ள ராட்செட் பட்டிகள் நான்கு, பழைய ரியூப்பிலிருந்து வெட்டிய இறப்பர் வளையங்கள் சில ஆகியவற்றையும் எடுத்து வையுங்கள்.

முட்டுக் கொடுக்கப் புளொக் கல்லையும் செங்கல்லையும் பயன்படுத்தக் கூடாது. மரம் நசுங்கும்போது முனகிக் காட்டும். கல் எந்த அறிகுறியும் தராமல் ஒரே நொடியில் பிளந்துவிடும்.

மீன்பிடி வள்ளத்துக்குரிய நைலோன் கயிறு எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருப்பதால் அதையே எடுத்துக் கட்டுகிறார்கள். அது அறாது, ஆனால் பாரம் ஏறும்போது நீளும். பத்து நிமிடத்துக்கு முன் விறைப்பாக இருந்த கட்டு இப்போது தளர்ந்திருக்கும். பொலியெஸ்டர் பட்டி அவ்வளவு நீளாது. தும்புக்கயிறு எந்தக் கட்டுக்கும் வேண்டாம்.

ஜக் விடயத்தில் என் கருத்து உறுதியானது. காருக்குரிய போத்தல் வடிவ ஜக்கின் தலை சிறியது. மோட்டார் சைக்கிளின் அடியில் அது வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்கென்று அகன்ற தட்டோடு வரும் ஜக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கத்தரிக்கோல் வடிவ ஜக்கின் மேல் அகலமான பலகையும் அதன்மேல் இறப்பர் விரிப்பும் வைத்துப் பயன்படுத்தலாம். எந்த ஜக்காக இருந்தாலும் அது தூக்குவதற்கு மட்டுமே. தாங்குவது மரக்கட்டைகளின் வேலை. எண்ணெயால் இயங்கும் ஜக் மெல்ல மெல்ல இறங்கக் கூடியது.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். அவர் பலசாலியாக இருக்கத் தேவையில்லை; சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தைப் பிடிப்பவராக இருந்தால் போதும்.

3. நிலத்தைச் சரிசெய்தல்

திருகோணமலையில் கடலோர வளவுகளில் பெரும்பாலும் மணல்தான். டபிள் ஸ்டாண்டின் ஒரு பாதம் 12 சதுர சென்ரிமீற்றர் அளவே இருக்கிறது என்று கொள்ளுங்கள். அதன் இரண்டு பாதங்களில் 150 கிலோ இறங்கினால், ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 6 கிலோவுக்கு மேல் அழுத்தம் வரும். மணல் அதைத் தாங்காது. அதிலும் இரண்டு பாதங்களும் ஒரே அளவில் புதைவதில்லை என்பதே பெரிய ஆபத்து.

மணலில்தான் வேலை செய்ய வேண்டுமென்றால், தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கி, மட்டம் பார்த்து, அதன்மேல் ஒட்டுப்பலகையை வையுங்கள். பலகையின் நான்கு மூலைகளிலும் ஏறி நின்று பாருங்கள். ஒரு மூலையில் ஆடினாலும் எடுத்துத் திரும்பவும் மணலைச் சமப்படுத்துங்கள்.

விறாந்தையில் சீமெந்துத் தரை இருந்தால் அதுவே சிறந்தது. ஆனால் டைல்ஸ் பதித்த தரையில் ஸ்டாண்டின் இரும்புப் பாதம் வழுக்கிக்கொண்டு போகும். அங்கே இறப்பர் விரிப்பைப் போட்டு அதன்மேல் பலகையை வைக்க வேண்டும். ஐப்பசி முதல் மார்கழி வரையான மழைக்காலத்தில் தாழ்வாரத்து ஈரம் பலகைக்கு அடியில் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வைகாசி தொடங்கிப் பல மாதங்கள் வீசும் கச்சான், மத்தியானத்துக்குப் பிறகு திறந்த வளவில் நிற்கும் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்த மாதங்களில் காலை வேளையிலேயே வேலையைத் தொடங்குவது நல்லது. உறை போட்டு மூடிய வண்டியைத் தூக்கிய நிலையில் வெளியே விடவே கூடாது, ஏனென்றால் உறை பாய்போல் காற்றைப் பிடிக்கும். படலையைச் சாத்திக் கொளுவியும் விடுங்கள். பிள்ளைகளும் நாய்களும் மட்டுமன்றி, கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்களும் வீதியில் திரியும் ஊர் இது.

4. தூக்குவதற்கு முன் தளர்த்த வேண்டியவை

எனக்கு மிக முக்கியமான படி இதுதான். வண்டியின் இரண்டு சில்லுகளும் நிலத்தில் இருக்கும்போதே அக்சில் நட்டு, அதன் பிணைப்புப் போல்ட், பிறேக் தட்டைக் கவ்வும் கலிப்பரின் போல்ட், செயினின் இறுக்கத்தைச் சரிசெய்யும் இழுவையின் பூட்டு நட்டு ஆகியவற்றின் முதல் இறுக்கத்தை விடுவித்துவிட வேண்டும். கால் சுற்றுப் போதும், கழற்றக் கூடாது.

அப்போது ரயர் நிலத்தைப் பிடித்திருக்கிறது. உதவிக்கு நிற்பவர் வண்டியில் அமர்ந்து முன்பிறேக்கை இறுக்கிப் பிடித்தால், நீங்கள் எவ்வளவு பலம் போட்டாலும் வண்டி நகராது.

கடலோரத்து வண்டிகளில் உருக்கு அக்சிலும் அலுமினியப் பாகங்களும் உப்புக்காற்றில் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை நட்டின் அடியில் விட்டு, காலையில் சுத்தியலால் நட்டின் முகங்களில் மெல்லத் தட்டுங்கள். எண்ணெய் பிறேக் தட்டில் படாதபடி துணியால் மூடுவது அவசியம்.

ஸ்பனரை எந்தத் திசையில் வைப்பது என்பதையும் பெரும்பாலானோர் யோசிப்பதில்லை. நட்டு வண்டியின் வலப்பக்கத்தில் இருந்தால், ஸ்பனரின் வால் பின்பக்கம் நீட்டி நிற்கும்படி கிடையாக மாட்டி, அதைக் கீழ்நோக்கி அமுக்குங்கள். நட்டு தளரும் திசையும் அதுவே. உங்கள் பலமும் நேராக நிலத்துக்குள் இறங்கும். நட்டு இடப்பக்கத்தில் இருந்தால் வால் முன்பக்கம் நீட்டி நிற்க வேண்டும். முன்னோக்கித் தள்ளுவதையும் பக்கவாட்டில் இழுப்பதையும் தவிர்த்துவிடுங்கள்.

5. டபிள் ஸ்டாண்டில் ஏற்றுதல்

வண்டி ஆறியிருக்க வேண்டும். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் காலை வைத்துக்கொண்டு யாராலும் நிதானமாகத் தூக்க முடியாது. சாவியை எடுத்துவிட்டு கியரை நியூற்றலில் போடுங்கள்.

பின்சில்லை அரை அங்குலப் பலகையொன்றின் மேல் உருட்டி ஏற்றுங்கள். வண்டி அந்த அளவு உயர்ந்திருப்பதால் ஸ்டாண்ட் தூக்க வேண்டிய உயரம் குறைகிறது. மெலிந்த உடல்வாகு உள்ளவர்களும் பாரமான வண்டியை இப்படி ஏற்றிவிடலாம். ஏற்றியதும் அந்தப் பலகையை எடுத்துவிடுங்கள்.

வண்டியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் ஹாண்டிலை நேராகவும், வலக்கையால் சீற்றுக்குக் கீழே உள்ள பிடியையும் பிடியுங்கள். வலக்காலால் ஸ்டாண்டின் மிதியை அமுக்கி அதன் பாதங்களை நிலத்தில் தொடவையுங்கள். இந்த இடத்தில் நின்று, வண்டியை மெல்ல இடமும் வலமும் அசைத்து, இரண்டு பாதங்களும் தொடுகின்றனவா என்று காலால் உணர்ந்து பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தொட்ட நிலையில் மிதித்தால் வண்டி மறுபக்கம் சரியும்.

இரண்டும் தொட்டதும் உடலின் முழு எடையையும் அந்த ஒரு காலில் இறக்குங்கள். கைகள் வழிகாட்ட மட்டும்தான். நாரியை வளைத்துத் தூக்க முயல்பவருக்கு வண்டியும் ஏறாது, மறுநாள் எழும்பவும் முடியாது.

ஏறியதும் அடுத்த வேலைக்குப் போவதற்கு முன் ஸ்டாண்டைப் பூட்டுங்கள். வண்டி முன்னால் நகர்ந்தால்தான் டபிள் ஸ்டாண்ட் மடங்கும். ஆகவே ஸ்டாண்டின் குறுக்குச் சட்டத்திலிருந்து முன்பக்கச் சட்டகத்தின் கீழ்க் குழாய்க்கு ஒரு பட்டியை இழுத்துக் கட்டிவிட்டால், அது பின்னால் மடங்க வழியில்லை. பட்டி சைலன்சர் குழாயைத் தொடக் கூடாது. முன்சில்லு நிலத்தில் இருந்தால் அதன் இரு பக்கமும் ஆப்பு வைத்து, முன்பிறேக் லீவரை ஹாண்டிலோடு சேர்த்து ரியூப் வளையத்தால் இறுக்கிவிடுங்கள்.

6. டபிள் ஸ்டாண்ட் இல்லாத வண்டிக்கு

பின்பக்கத்தைத் தூக்கும் படொக் ஸ்டாண்ட் தேவைப்படும். அதை மாட்டும்போது வண்டி நேராக நிற்க வேண்டும். உதவியாளர் இடப்பக்கம் நின்று முன்பிறேக்கைப் பிடித்துக்கொள்ள, நீங்கள் பின்னாலிருந்து இரண்டு கொளுவிகளும், பின்சில்லைப் பிடித்திருக்கும் சுவிங் ஆமில் ஒரே நேரத்தில் பொருந்துவதைக் கண்ணால் பார்த்த பின்னரே கைப்பிடியைக் கீழே அமுக்குங்கள். சைட் ஸ்டாண்டை விரித்தே வைத்திருங்கள், பின்பக்கம் நழுவினால் அதாவது தாங்கும்.

முன்பக்கமும் தூக்க வேண்டுமென்றால் எப்போதும் பின்பக்கம் முதலில். இறக்கும்போது முன்பக்கம் முதலில். முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டால் வண்டியைப் பக்கவாட்டில் பிடிக்க எதுவும் இல்லை.

7. முன்சில்லைத் தூக்குதல்

வண்டி டபிள் ஸ்டாண்டில் நிற்க, என்ஜினின் முன்பகுதிக்கு அடியில் பலகையோடு ஜக்கை வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. அடியில் இரட்டைக் குழாய் ஓடும் சட்டகமாக இருந்தால் பலகை அந்த இரண்டு குழாய்களிலும் சமமாகப் பட வேண்டும். சைலன்சர் குழாய், எண்ணெய் வடிக்கும் போல்ட், எண்ணெய் வடியின் மூடி ஆகியவற்றில் ஒருபோதும் பாரம் ஏற்றக் கூடாது. வடிக்கும் போல்ட்டில் ஜக்கைக் கொடுத்து என்ஜின் கூட்டை வெடிக்க வைத்த வண்டியொன்றைப் பார்த்திருக்கிறேன். சில்லு மாற்றப் போனவர் என்ஜின் திறக்க வேண்டியதாயிற்று.

அடியில் குழாய் இல்லாமல் என்ஜினே சட்டகத்தின் பகுதியாக அமைந்த வண்டிகளுக்கு, தாங்கும் இடத்தை வண்டியோடு வந்த கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயருக்கும் நிலத்துக்கும் இடையில் இரண்டு விரல் நுழைந்தால் உயரம் போதும். கூடுதலாகத் தூக்கும் ஒவ்வொரு அங்குலமும் பின்பக்கத்தை நிலத்தில் அழுத்தி ஸ்டாண்டின் பாதங்களை இலேசாக்கும். உயரம் வந்தவுடன் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, ஜக்கை அரைச் சுற்று இறக்கி, பாரத்தைக் கட்டைகளில் உட்கார வையுங்கள். ஜக்கை எடுக்காமல் தொட்டபடியே விட்டுவிடலாம்.

பின்சீற்றில் மணல் மூட்டை கட்டி முன்சில்லைக் கிளப்பும் பழக்கமும் எங்கள் பக்கத்தில் உண்டு. முன்சில்லை மட்டும் கழற்றும் குறுகிய வேலைக்கு, மூட்டை சரியாமல் கட்டி, முன்பக்கத்தில் கட்டையும் அடுக்கியிருந்தால் அது போதும். பின்சில்லையும் கழற்றும் வேலைக்கு அது ஆகாது.

மரக்கிளையிலோ கூரை வளையிலோ ஹாண்டிலைக் கட்டித் தொங்கவிடுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. வேப்பங்கிளை காற்றுக்கு ஆடும், அதோடு வண்டியும் ஆடும். பழைய வீட்டுப் பனைவளையில் கறையான் உள்ளே தின்றிருந்தாலும் வெளியே தெரியாது.

8. பக்கவாட்டில் பிணைத்தல்

எண்ணெய் மாற்றவும் செயினைத் துடைக்கவும் இந்தப் படி தேவையில்லை. சில்லு கழலும் வேலைகள் எல்லாவற்றுக்கும் தேவை.

ஹாண்டிலின் நுனியில் பட்டியைக் கட்ட வேண்டாம். அது திரும்பும், வளையும். போர்க்கைப் பிடித்திருக்கும் கீழ்க் கிளாம்பே சரியான இடம். போர்க்கைக் கழற்றுவதானால் சட்டகத்தின் கழுத்துப் பகுதி. அங்கிருந்து இரு பக்கமும் ஒவ்வொரு பட்டி, கூடாரக் கயிறுபோல் விரிந்து சாய்வாக இறங்கி, விறாந்தைத் தூணின் அடியிலோ தரையில் பதித்த இரும்பு வளையத்திலோ முடிய வேண்டும். பட்டி செங்குத்தாக இறங்கினால் அது வண்டியைக் கீழே இழுக்குமே தவிரச் சாய்வதைத் தடுக்காது.

இடப்பட்டியை இரண்டு கிளிக், வலப்பட்டியை இரண்டு கிளிக் என்று மாறி மாறி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அப்படிச் செய்தால் வண்டியைச் சாய்ப்பவர் நீங்களே. விரலால் தட்டும்போது இரண்டு பட்டிகளும் ஒரே மாதிரி விறைப்பாக இருந்தால் நிறுத்திவிடுங்கள்.

9. ஆட்டிப் பார்த்தல்

எதையும் கழற்றும் முன், வேலையின்போது போடப்போகும் பலத்துக்குக் குறையாத பலத்தோடு வண்டியை முன்னும் பின்னும், இடமும் வலமும் தள்ளிப் பாருங்கள். ஒரு கை வண்டியில், மற்றக் கை பட்டியில். ஸ்டாண்டின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்படி உதவியாளரிடம் சொல்லுங்கள்; பாதம் ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலும் அது கட்டையைத் திருத்த வேண்டும் என்பதற்கான அடையாளம்.

பத்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். பலகை அமுங்குவதும் பட்டி தளர்வதும் அந்த நேரத்துக்குள்தான் நடக்கும்.

10. வேலை நடக்கும்போது

சில்லை வெளியே எடுத்தவுடன் அதை அப்பால் உருட்டி வைக்காமல், சட்டகத்துக்கு அடியில் படுக்க வையுங்கள். கட்டை நழுவினாலும் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள் கைமேல் உட்காராது. பிறேக் தட்டு மேல்நோக்கி இருக்க வேண்டும்.

வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்து வேலை செய்யாதீர்கள். பெற்றோல் தாங்கியையோ குழாயையோ தொடும் வேலையானால் பற்றரியின் எதிர் (–) முனையை முதலில் கழற்றிவிடுங்கள்.

பின்சில்லு காற்றில் நிற்கும்போது என்ஜினை இயக்கிச் செயினைச் சுழலவிட்டுத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள். துணி செயினுக்கும் பல்சில்லுக்கும் நடுவில் அகப்பட்டால் விரலும் அதோடு போகும். கையை இழுக்க நேரம் கிடைக்காது. நியூற்றலில் போட்டுச் சில்லைக் கையால் சுற்றித் துடைத்தாலே செயின் சுத்தமாகும். தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

11. வண்டி சாயத் தொடங்கினால்

விட்டுவிட்டு விலகுங்கள். முதற்படியில் சொன்ன 54 கிலோவை வளைந்த முதுகோடு யாரும் பிடித்து நிறுத்தியதில்லை. நெளிந்த தாங்கியை நிமிர்த்தலாம்.

விழுந்த பிறகு சாவியை அணைத்து, பெற்றோல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்டாண்டை விரித்துவிட்டு, முடியுமானால் முதலாவது கியரில் போடுங்கள். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, பிட்டத்தைச் சீற்றின் விளிம்பில் பதித்து, ஒரு கையால் ஹாண்டிலையும் மறு கையால் பின்பிடியையும் பற்றி, கால்களால் சிறு சிறு அடியாகப் பின்னோக்கித் தள்ளி எழுப்புங்கள். முதுகு நேராக இருக்க, தொடைகள்தான் வேலை செய்ய வேண்டும்.

12. இறக்குதல்

வேலை முடிந்த களைப்பில் இந்தப் படியை அவசரமாகச் செய்கிறார்கள். முதலில் அடியில் கிடக்கும் ஸ்பனர்களையும் துணிகளையும் எடுத்துவிடுங்கள். ஜக்கைச் சற்று உயர்த்தி, கட்டைகள் தாமாகத் தளர்ந்த பின் உருவுங்கள். பாரம் இருக்கும்போது சுத்தியலால் அடித்துக் கட்டையை வெளியேற்றக் கூடாது. ஜக்கை மெல்ல இறக்கி, முன்ரயர் நிலத்தில் நின்றதும் பக்கப் பட்டிகளை மாறி மாறித் தளர்த்துங்கள். ஸ்டாண்டைக் கட்டிய பட்டி கடைசியில்தான் கழல வேண்டும்.

டபிள் ஸ்டாண்டிலிருந்து முன்னால் தள்ளும் முன் சைட் ஸ்டாண்டை விரித்துவிடுங்கள். முன்பிறேக்கில் கட்டிய ரியூப் வளையத்தையும் ஆப்புகளையும் எடுத்து, இடப்பக்கம் நின்று, வண்டியை உங்கள் இடுப்போடு சேர்த்து அணைத்தபடி முன்னால் தள்ளுங்கள். ரயர் நிலத்தைத் தொட்ட கணமே முன்பிறேக்கைப் பிடிக்க வேண்டும். கலிப்பரைக் கழற்றியிருந்தால் லீவர் அந்த நேரத்தில் வெறுமையாக ஹாண்டில்வரை போகும். ஆகையால் இறக்குவதற்கு முன்பே முன்பிறேக் லீவரையும் பின்பிறேக் பெடலையும் இறுகும்வரை பலமுறை அமுக்கி வைத்திருங்கள்.

அக்சில் நட்டின் இறுதி இறுக்கத்தையும், தளர்த்தியதைப் போலவே, இரண்டு சில்லுகளும் நிலத்தில் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். எவ்வளவு இறுக்கம் என்பது கைநூலில் இருக்கும். நட்டு கழலாமல் தடுக்கும் கம்பியான கொட்டர் பின் உள்ள நட்டானால் புதிய பின்னைப் போட்டு வளைத்துவிடுங்கள். அதன் பிறகு வளவுக்குள்ளேயே நடை வேகத்தில் ஓட்டி, இரண்டு பிறேக்குகளையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்த்து, இறங்கி வந்து அதே நட்டுகளில் மீண்டும் ஒருமுறை ஸ்பனரை வைத்துப் பாருங்கள்.

பட்டிகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்திச் சுருட்டி வையுங்கள். உப்பு ராட்செட்டின் பற்களைத் தின்னும், வெயில் துணியை நைய வைக்கும். விளிம்பு பிய்ந்த பட்டியை அன்றே வெட்டி எறிந்துவிடுங்கள், இல்லையேல் அடுத்த முறை கைக்கு முதலில் அகப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.